ஜிப்பக்கா வீடு பார்த்த கதை

ஜிப்பக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பள நாளில் மட்டும் புழக்கத்துக்கு வரும். மற்ற நாட்களில், நடன நிகழ்ச்சி நடக்கும் ஒரு பெரிய அரங்கத்தின் மேடைக்குப் பின்னால், "ஜிப்பக்கா!" என்று கூவிக்கொண்டே யாராவது முதுகைத் திருப்பி நிற்பார்கள். அவர் ஜிப்பை இழுத்து மூடுவார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள், ராணியாக உள்ளே வந்த பெண் மீனாக வெளியே போயாக வேண்டும். அரையிருட்டில், வாயில் ஊக்குகளைக் கவ்விக்கொண்டு இதை நடத்தி வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். நடனக்காரிகளை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னால் தடுமாறுவார். முதுகைக் காட்டினால் போதும், பேர் சொல்லிவிடுவார்.

அந்த நகரம் உலகத்தைச் சந்தோஷப்படுத்துவதற்கென்றே கட்டப்பட்டது. ராட்டினம், சூதாட்ட மாளிகை, நட்சத்திரங்களை வேலையை விட்டுத் தூக்கிய விளக்குகள் என்று எல்லாம் இருந்தன. அங்கே உழைப்பவர்கள் படுக்க இடம்தான் இல்லை. ஜிப்பக்கா இன்னும் மூன்று பெண்களோடு ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். எதிர்க் கட்டிடத்து விளம்பரப் பலகையின் தயவில் அறை ஒரு நிமிஷம் சிவப்பாகவும் மறு நிமிஷம் பச்சையாகவும் இருக்கும். மின்சாரம் மிச்சம் என்று நால்வரும் தேற்றிக்கொண்டார்கள். தூக்கமும் மிச்சம்தான்.

கணவரும் எட்டு வயது மகளும் தொலைவில், கணவருடைய அக்கா வீட்டில் இருந்தார்கள். கணவருக்குப் பஞ்சர் ஒட்டும் தொழில். டயர் பழுதாகாத ஊர் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் அவர் எங்கே வந்தாலும் பிழைத்துக்கொள்வார். பள்ளிக்கூடம்தான் பிரச்சினை.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வீடு அமைஞ்சா வந்துடறோம். இல்லன்னா இந்த வருஷமும் இங்கயே சேர்த்துடறேன்" என்று அவர் போனில் சொல்லிவிட்டார்.

மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, நீ நிஜமாவே வீடு தேடறியா, இல்ல தேடற மாதிரி நடிக்கறியா?"

மேடைக்குப் பின்னால் வேலை பார்ப்பவரின் மகளுக்கு இந்தச் சந்தேகம் வரக்கூடாது என்று சொல்ல முடியாது.

திங்கட்கிழமை அரங்கத்துக்கு விடுமுறை. ஒவ்வொரு திங்களும் ஜிப்பக்கா தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். உண்மையில் அண்ணன்தான் ஒட்டிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனி குமாஸ்தா அவர். இதுவரை தீப்பிடிக்காத வீட்டை, இனிமேல் தீப்பிடிக்கப்போகும் வீடு என்றே பார்ப்பார். ஜன்னலுக்கு ஜன்னல் கனத்த கம்பி போட்ட ஒரு தெருவில் மட்டும் அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா, எவ்வளவு பாதுகாப்பு!"

"இவ்வளவு கம்பி போட்டிருக்காங்கன்னா, திருடன் வந்து போயிருக்கான்னு அர்த்தம்ண்ணா."

"வந்து போனவன் மறுபடி வரமாட்டான்."

"ஏன், வழி மறந்துடுமா?"

வாடகை மலிவாக இருந்த இடத்தில் தெருவிளக்கு எரியவில்லை. விளக்கும் காவலாளியும் இருந்த குடியிருப்பில், வாடகை கொடுத்த பிறகு திருடன் எடுத்துப்போக வீட்டில் எதுவும் மிஞ்சாது. அந்த வகையில் அது முழுப் பாதுகாப்பான இடம்தான்.

ஜிப்பக்காவிடமும் ஒரு சித்தாந்தம் இருந்தது. தெருவை அறிய வேண்டுமானால் துணிக்கொடியைப் பார்க்க வேண்டும். பெண்களின் துணி காவலில்லாமல் வாசலில் காய்ந்தால், அங்கே பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு குடியிருக்கலாம். பேருந்து கடைசியாக வந்து நிற்கும் நிறுத்தத்தை அடுத்த ஒரு தெருவில் அப்படி ஒரு கொடியைக் கண்டார். தாழ்ந்த சுற்றுச்சுவர், பூட்டில்லாத கேட், முற்றத்தில் ஒரு நீலக் கவுன், இரண்டு துண்டு. மாடி காலி என்று அட்டை தொங்கியது. கேட்டைத் தட்டினால் ஆள் இல்லை. அடுத்த திங்கள் போனார்கள். அதே நீலக் கவுன், அதே துண்டுகள், அதே கிளிப்புகள்.

ஜிப்பக்காவுக்குப் புல்லரித்துவிட்டது. "ஒரு வாரமா யாரும் தொடல! இத விட என்னண்ணா வேணும்?"

"வீட்டுக்காரங்க உயிரோட இருக்காங்களான்னு பார்க்கணும்" என்றார் அண்ணன்.

இருந்தார்கள். சால்வை போர்த்திய, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். மாடியில் இரண்டு அறை, தண்ணீர் தேங்காத குளியலறை, ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடத்தின் கொடிக்கம்பம். வாடகையும் கட்டுப்படி. அண்ணனே குறை தேடிக் களைத்துப்போனார்.

"எங்க வேலை?" என்றார் அம்மாள்.

"ஷோ நடக்கிற அரங்கத்துலம்மா."

"டான்ஸா?"

"ஐயோ இல்லம்மா. ஆடறவங்களுக்கு டிரஸ் மாட்டி விடறது."

"எப்ப வீடு திரும்புவீங்க?"

"பன்னண்டு, பன்னண்டரை ஆகும்."

அம்மாளின் உதடுகள் ஒரு கோடாகின. "ஷோக்காரங்களுக்கு நான் விடறதில்ல. எனக்கும் பாதுகாப்பு வேணும் பாருங்க." ஆபத்தில்லாத இடம் தேடி அலைந்த தானே ஓர் ஆபத்தாகிவிட்டதை ஜிப்பக்கா அன்றுதான் அறிந்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளமாக அம்மாள் திரும்பினார். சால்வை நழுவியது. பின்பக்கம் ஜிப் வைத்த கவுன், பாதி முதுகு வரை திறந்தபடி.

அடுத்து நடந்ததற்கு ஜிப்பக்கா பொறுப்பல்ல; அவர் கைதான் பொறுப்பு. எதிரே ஒரு முதுகு திரும்பியது. இடது கை துணியைச் சேர்த்துப் பிடித்தது, வலது கை சர்ரென்று இழுத்தது, "மூச்சை உள்ள இழுங்க!" என்று வாய் அதட்டியது. அம்மாளும் இழுத்துக்கொண்டார். பிறகுதான் மூவருக்கும் விஷயம் உறைத்தது.

"என்ன தைரியம்! வெளிய போங்க ரெண்டு பேரும்!"

பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் பொரிந்து தள்ளினார். "வீடு பார்க்க வந்தியா, வீட்டுக்காரிக்கு டிரஸ் பண்ண வந்தியா?" பள்ளிக்கூடம் திறக்க இன்னொரு திங்கள்கூட மிச்சமில்லை. ஜிப்பக்கா மகளிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் நான்கு விதமாகக் கட்டிப் பார்த்தார். நான்கும் பொய் போலவே இருந்தன.

தெருமுனையில் அம்மாள் வந்துகொண்டிருந்தார். சால்வை இல்லை.

"என்னம்மா, அதுக்குள்ள போயிட்டீங்க?" என்றார், அனுப்பியது வேறு யாரோ என்பதுபோல. "மூணு மாசமா இந்தக் கை மேல போகமாட்டேங்குது. இருக்கறதெல்லாம் இந்த மாதிரி கவுன். போர்த்திட்டே வெந்து சாகறேன். கொடியில மாட்டினத எடுக்கக்கூட முடியல. அதுவும் கை கொஞ்சம் தேவலையா இருந்த நாள்ல மாட்டினது, மறுபடி மோசமானதும் அங்கயே நிக்குது."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு சித்தாந்தம் சரிந்து விழுந்தது.

"காலைல ஏழு மணிக்கு எழுந்திருப்பீங்களா?" என்றார் அம்மாள். "நான் அப்பதான் வெளிய கிளம்புவேன்."

நடுநிசி தாண்டி வீடு திரும்புபவருக்கு ஏழு மணி என்பது நடுராத்திரி. ஆனால் ஜிப்பக்கா யோசிக்கவே இல்லை. "நான் எழுந்திருக்கமாட்டேம்மா. என் பொண்ணு எழுந்திருப்பா. பள்ளிக்கூடத்துக்குப் போகணுமே."

"அவ கைக்கு என் ஜிப் எட்டுமா?"

"முக்காலி வாங்கிக்கறேன்."

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே முக்காலி வந்தது, மகள் வந்தாள், பஞ்சர் பெட்டியோடு கணவரும் வந்தார். அண்ணன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. துணி திருடு போகாததற்குக் காரணம் தெருவின் யோக்கியதை அல்ல, அந்தத் துணியின் லட்சணம் என்பது அவர் கட்சி. "இருந்தாலும் ஒரு வாரம் யாரும் தொடலையே?" என்பது தங்கையின் கட்சி. வழக்கு முடியவில்லை. இதற்கிடையில் அதே தெருவில் தனக்கும் ஒரு வீடு காலியாகுமா என்று அண்ணன் ரகசியமாக விசாரித்திருக்கிறார். கம்பியே இல்லாத தெருவில்.

காலை ஏழு மணிக்கு மாடியில் ஜன்னல்கள் மூடியிருக்கும். ஜிப்பக்கா சிவப்பும் பச்சையும் இல்லாத அசல் இருட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். கீழே முக்காலி நகரும் சத்தம். பிறகு சீருடை போட்ட மகளின் அதட்டல்: "மூச்சை உள்ள இழுங்க ஆன்ட்டி! ம்... முடிஞ்சுது, போலாம்!"

போர்வைக்குள் ஜிப்பக்காவின் வலது கை தானாக எழும்பி, இல்லாத ஒரு ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, மறுபடி தூங்கப் போகும்.