கேட்டு எடுத்த படம்

கேட்காமல் ஒருவரையும் படம் எடுத்ததில்லை என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. மெர்டேக்கா, அதாவது மலாயா சுதந்திரம், வந்த வருடம். வார நாளில் அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. ஞாயிறு வந்தால் சைக்கிளும் கேமராவும். அன்று மலாக்காவில் கேமரா வைத்திருந்த சிலர், தெருவில் போகிறவர்களைக் கோழி அமுக்குவதுபோல் அமுக்குவார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கேமராவைப் பையைவிட்டு எடுக்கவே மாட்டேன். போய் நிற்பேன், பேசுவேன், கேட்பேன். வேண்டாம் என்றால் அதோடு சரி.

காஜா பேராங் சந்தியில் அவித்த கடலை விற்ற அக்காவிடம் கேட்க எனக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. கணவரை இழந்தவர். யாராவது கேமராவைத் தூக்கினால் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொள்வார். மூன்றாம் ஞாயிறு நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும் விஷயத்தைச் சொன்னார். மகளுக்குப் பக்கத்து ஊரான மூவாரில் நல்ல இடம் அமைந்திருக்கிறது. அம்மா வீட்டோடு இருப்பதாகத்தான் அவர்களிடம் சொல்லியிருக்கிறது. தெருவில் விற்கிறவள் என்று தெரிந்தால் கைகழுவி விடுவார்கள். ஆனாலும் தன்னை வளர்த்த கூடை எதுவென்று காட்ட, மகளிடம் ஒரு படமாவது இருக்கவேண்டும். கல்யாணம் முடியும்வரை வேறு யாரும் பார்க்கக்கூடாது.

"உங்க கைக்கு வராம யார் கண்ணுக்கும் போகாதுக்கா" என்றேன். அவர் கூடையை மடியில் எடுத்துவைத்து, முந்தானையை ஒதுக்கிவிட்டு, என்னை நேராகப் பார்த்தார். ஒரே ஒரு படம்தான் எடுத்தேன்.

பெண்டஹாரா சாலையில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். என் பிலிம்களை அவன்தான் கழுவுவான். அப்போதெல்லாம் படத்தை மட்டும்தான் நம்மிடம் தருவார்கள். நெகட்டிவ் நம்பர் போட்ட உறையில் ஸ்டூடியோவிலேயே இருக்கும். அதைக் கொடு என்று கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அக்கா வீட்டுக் கல்யாணப் பேச்சை ஒன்றுவிடாமல் சொல்லி, யாருக்கும் காட்டாதே என்றேன். நான் என்ன சின்னப்பிள்ளையா என்று கோபித்துக்கொண்டான், பாவி.

மெர்டேக்கா வாரம். தெருவெல்லாம் காகிதக் கொடி. சனிக்கிழமை மத்தியானம் படத்தை வாங்க அந்தப் பக்கம் போனேன். ஸ்டூடியோ கண்ணாடிக்குள் அக்கா இருந்தார். முழங்கை நீளத்துக்குப் பெரிதாக்கி, சேலைக்குப் பச்சையும் கன்னத்துக்கு ரோஸும் தீட்டி வைத்திருந்தான். முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. அதை மறைத்தால் நானும் பொய்யன். அப்புறம்தான் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

உள்ளே போய்க் கத்தினேன். அவன் சிரித்தான். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்க்கிறான், கீழே உன் பெயரையும் போட்டிருக்கிறேன் பார் என்றான். நானே கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்ட பிறகுதான் எடுத்துத் தந்தான். ஐந்து நாள் தொங்கியிருக்கிறது. மூன்றாம் நாள், பக்கத்து ஜவுளிக்கடைக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்த மூவார்க்காரர்கள் கண்ணில் பட்டிருக்கிறது என்று பிறகு தெரிந்தது.

படத்தையும் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு மறுநாள் சந்திக்குப் போனேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. சம்பந்தம் வேண்டாமென்று மூவாரிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கூட்டாளி கழுத்தறுத்துவிட்டான், நான் உங்களை ஏமாற்றவில்லை என்று என்னென்னவோ உளறினேன். நான் நீட்டியதை அவர் வாங்கவில்லை. ஒருவருக்குக் கடலை கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேக்காம எடுக்க வந்தவங்க கிட்ட எல்லாம் மூஞ்சிய மூடிக்கிட்டேன் தம்பி. நீங்க கேட்டீங்க. அதனாலதான் காட்டுனேன்."