வாய் திறக்காத அரை வருடம்

சூரிச்சில் ஆறாம் வகுப்பு முடியும்போது ஒரு சோதனை இருக்கிறது. அதில் பாஸ் பண்ணினால் ஜிம்னாசியம் என்கிற மேல்பள்ளி, பிறகு பல்கலைக்கழகம், பிறகு டொக்டர். அப்பா அப்படித்தான் நம்பியிருந்தார். நான் பாஸ் பண்ணினேன். கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் கனடாவரைக்கும் அனுப்பினார். தமிழ்க் கடையில் லட்டு வாங்கி, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நீட்டினார். "மகள் டொக்டருக்குப் படிக்கப் போறா." எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஆனால் ஜிம்னாசியத்தில் முதல் அரை வருடம் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வார்கள். சரிவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். உணவகச் சமையலறையில் கோப்பை கழுவப் போன புதிதில் அவரையும் மூன்று மாதம் பார்த்துத்தான் எடுத்தார்களாம்.

"உது ஒண்டுமில்லை பிள்ளை. நேரத்துக்குப் போ. திருப்பிக் கதையாதை. சொல்லுறதைச் செய். நான் பதினாலு வருசமா அங்கை நிக்கேல்லையோ?"

நானும் அப்படியே செய்தேன். ஒரு ட்ராம் முந்திப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். விடை தெரிந்தாலும் கை தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் தெரியாததற்கும் கை தூக்குவாள், பிழையாகச் சொல்லுவாள், சிரிப்பாள். சீ, வெட்கமில்லாத பெட்டை என்று நினைத்தேன்.

வகுப்பில் கதைப்பதற்கும் புள்ளி உண்டென்று முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். யாரும் மறைக்கவில்லை. அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

"கண்டறியாத கதை! வாத்திமாருக்கு வாய் காட்டினா புள்ளி போடுவினமோ? நீ எழுத்திலை எடு."

"வாயுள்ள பிள்ளைதானேயப்பா பிழைக்கும்" என்றார் அம்மா.

"நீர் சும்மா இரும்" என்றார் அப்பா.

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் பயந்தாங்கொள்ளி. அப்பா சொன்னதைப் போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

தை மாதம் வகுப்பாசிரியை என்னையும் அப்பாவையும் கூப்பிட்டார். அப்பா கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டுடன் வந்தார். எழுத்தில் குறையில்லை, கதைக்காததால் மூன்று பாடங்களில் புள்ளி இறங்கிவிட்டது, மொத்தத்தில் கொஞ்சம் போதாது, அடுத்த மாதம் நான் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்றார் ஆசிரியை. "அரை வருடமாக இவளுடைய குரலையே நான் கேட்கவில்லை" என்றும் சொன்னார். வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டார்.

அப்பாவுக்கு அதை நான்தான் தமிழில் சொன்னேன். ஒன்றும் விடவில்லை. அழுகை வரவில்லை. மேசையில் இருந்த காகிதக் கவ்விகளைப் பார்த்துக்கொண்டு, யாரோ ஒரு பிள்ளையின் கதையைச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தேன். அப்பா இரண்டு தரம் "டாங்கே" என்று நன்றி சொல்லிக் கைகொடுத்துவிட்டு எழுந்தார்.

ட்ராம் தரிப்பிடத்தில்தான் கேட்டார்.

"அப்ப... நான் சொன்னதாலையோ பிள்ளை?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னுடைய பயமும்தான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. என் பதிலோடு அவர் அப்படியே வேலைக்குப் போகவேண்டியிருந்தது.

"ஓம்" என்றேன்.

அப்பா தலையாட்டிவிட்டு, தினமும் பார்க்கும் நேர அட்டவணையைப் புதிதாகப் பார்ப்பவர்போல வாசிக்கத் தொடங்கினார். எனக்கு இரக்கமோ கோபமோ ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு நினைத்தாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.