கிளச்சு இல்லாத காருக்குக் கிளச்சு

கிளச்சு பார்ட்ஸ் கடைக்கு வாரவுககிட்ட முதல்ல என்ன கேப்போம், சொல்லுங்க? கவுண்டர்ல நின்னு கால் வீங்குன எல்லாருக்கும் தெரியும்: "பழசைக் கொண்டாந்திருக்கீகளா?" பழைய பிளேட்டைப் புதுசுமேல வச்சு, அளவும் பல்லும் சரியா இருந்தா பில் போட்டுருவோம். அவனியாபுரத்துல நாலு வருசமா என் பொழப்பு இதுதான்.

இல்லாத பழசு

வில்லாபுரம் மெக்கானிக் முருகண்ணன் ஒரு பாயைக் கூட்டிட்டு வந்தாரு. பாயோட கார் ஆட்டோமேட்டிக். அந்த கியர்பாக்ஸ் போயிருச்சு. புதுசு போட்டுக் கட்டுப்படியாகாதுன்னு, அதே மாடல்ல கையால கியர் போடுற பாக்ஸை மாட்டப் போறாக. நானும் பழக்கதோசத்துல பழைய பிளேட்டைக் கேட்டேன். பாய் சிரிச்சுட்டாரு.

"கிளச்சே இல்லாத வண்டிம்மா. பழசுக்கு நான் எங்க போவேன்?"

காலண்டர் தாள்

மாட்டப் போற கியர்பாக்ஸோட தண்டுல கிரீஸைத் தடவி, ஒரு தாள்ல ஒத்தி எடுத்துட்டு வரச் சொன்னேன். காலண்டர் தாள்ல அச்சு வந்துச்சு. பல்லை எண்ணிப் பிளேட்டு எடுத்தேன். ஆட்டோமேட்டிக்குக்கு இருந்த மெலிசுத் தகடு ஆகாதுன்னு, கிளச்சு உக்காருற கனமான பிளைவீலும் எடுத்து வச்சேன். கிளச்சு பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டுதான் ரெண்டு ரகம். ஒண்ணு சாதா, இன்னொண்ணு லோடு இழுக்குற வண்டிக்கு, ஸ்பிரிங் கெட்டி. முருகண்ணன் யோசிக்கவே இல்ல.

"திரும்பத் திரும்ப பாக்ஸை இறக்க முடியாது தங்கச்சி. கெட்டியானதையே குடு."

குடுத்துட்டேன்.

மேம்பாலத்து ஏத்தம்

பத்து நாள் கழிச்சு பாயோட வீட்டுக்காரம்மா நூர்ஜகான் அக்கா காரோட வந்தாக. அப்பத்தான் தெரியும், வண்டி ஓட்டுறதே அவுகதான். பேச்சு வராத மகனை வாரம் மூணு நாள் நாகமலை புதுக்கோட்டைக்குப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறாக. பாயால அவரு கடையை விட்டு நகர முடியாது. மேம்பாலத்துல நெரிசல்ல கிளச்சை மிதிச்சு மிதிச்சு இடது கால் நடுங்கி, வண்டி பின்னால உருண்டு ஷேர் ஆட்டோவை இடிக்கப் பார்த்திருக்கு. பாய் வண்டியை வித்துரலாம்கிறாராம்.

"இப்பத்தான் பிள்ளை அவுக அப்பாவைப் பார்த்து 'அத்தா'ன்னு கூப்பிட்டிருக்கான். இப்பப் போயி நிறுத்தச் சொல்றாரு."

என் தையல் சொன்னது

நான் ஏறி மிதிச்சுப் பார்த்தேன். கெட்டி ஸ்பிரிங்குக்குப் பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. ஆபரேசன்ல மகளைப் பெத்து ஒன்றரை வருசமாச்சு. ஆனாலும் தையல் போட்ட இடம் சுருக்குனுச்சு. முருகண்ணனை வரச்சொல்லி மிதிக்க வச்சேன். அவரு காலுக்கு அது ஒண்ணுமே இல்ல. இஞ்சின் அதே பழைய இஞ்சின், ஏறுற லோடு ஒரு தாயும் பிள்ளையும். இதுக்கு சாதா பிளேட்டே தாராளம். அன்னைக்கு மூணு பேரு நின்னு பேசியும், மிதிக்கிறது யாருன்னு யாருமே கேக்கல, நானுந்தான். முருகண்ணன் முணங்கிக்கிட்டே பாக்ஸை இறக்கி மாத்திக் குடுத்தாரு. அக்கா பாலம் ஏறி இறங்கித் திரும்பி வந்தாக, பக்கத்து சீட்டுல, கடையைச் சாத்திட்டு வந்த பாய்.

"ஒரு தடவகூட ஆஃப் ஆகலம்மா. நான்தான் கதவைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

பழசு இல்லாத கிளச்சுக்கு மிதிக்கிற காலுதான் சாம்பிள்னு நாலு வருசம் கழிச்சுக் கத்துக்கிட்டவ, முருகண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டேன்: "அடுத்த தடவ ஓட்டுறவுகளையும் கூட்டிட்டு வாங்கண்ணே."