கூக்குரலுக்கு ஒரு சட்டம் இருந்தது

எங்கள் கட்டடத்தில் சத்தம் போடுவதென்றால் முதலே சொல்லிவிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை, ஆனால் சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் எவருக்கும் தெரியும். வீட்டில் விசேஷம் என்றால் சுவிஸ்காரர் கீழ்வாசலில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுவார்கள். சனிக்கிழமை கொஞ்சம் சத்தமாக இருக்கும், மன்னிக்கவும், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அது போதாது. வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்க எங்களுக்குக் கூச்சம். ரோல்ஸும் கட்லட்டும் அடுக்கிய தட்டோடு கதவு கதவாகப் போவோம்.

அந்த வேலை எப்போதும் என் மனுசனுடையது. பார்சல் பிரிக்கும் இடத்தில் பகல் முழுக்க இயந்திரத்தோடு நின்று வேலை செய்கிறவர், மனித முகத்தைக் கண்டால் விடமாட்டார். அவருடைய ஜெர்மன் ஓட்டை உடைசல். ஆனால் அதை வைத்துக்கொண்டே பகிடி விடுவார். கீழ்மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கூட இவரைக் கண்டால் வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பார். அந்த மனிதர், உடுப்புத் தோய்க்கும் அறையில் மெசினின் பஞ்சு வடிகட்டியைத் துடைக்காமல் விட்டதற்கு என்னை ஒருநாள் நிற்க வைத்துப் பாடம் நடத்தியவர். எனக்கு அவரைப் பிடிக்காது. இவருக்கு எல்லாரையும் பிடிக்கும்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்த கிழமை அது. மண்டபம் எடுப்போம் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். வீட்டில்தான் என்று நான் நின்றேன். வழக்கம்போல நான் வென்றேன். வியாழக்கிழமை பின்னேரம் சமையலறை மேசையில் நானும் இவரும் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தோம். சூரிச்சில் சட்டம் படிக்கும் மகள் எதிரே நின்று, வகுப்பில் பேச வேண்டியதை எங்களுக்குப் பேசிக் காட்டினாள். பழைய ஆங்கிலச் சட்டச் சொல் ஒன்றை எடுத்து அதன் வரலாற்றைச் சொல்ல வேண்டுமாம். அவளுக்குக் கிடைத்தது ‘ஹ்யூ அண்ட் க்ரை’.

எனக்கு அந்தத் தொடர் தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆங்கில மரபுத்தொடர்களோடு மனப்பாடம் செய்தது. வீண் ஆரவாரம் செய்தல், கூப்பாடு போடுதல். எதிர்க்கட்சி கூச்சல் போட்டால் கொழும்பு ஆங்கிலப் பேப்பர் அப்படித்தான் எழுதும். நான் பெருமையோடு சொன்னேன். மகள் தலையை ஆட்டினாள்.

“அது இப்பத்தைய கருத்து, அம்மா. முந்தி அது சட்டம். களவோ கொலையோ கண்டவன் கத்தவேணும் எண்டு சட்டம். கேட்டவன் ஓடி வரவேணும் எண்டும் சட்டம்.”

நான் கையிலிருந்த ரோல்ஸை வைத்துவிட்டேன். பிறகு அவள் சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. பொலிஸ் என்று ஒன்று இல்லாத காலம். ஒருவர் கத்தினால் ஊரில் உள்ளவன் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு துரத்த வேண்டும். அந்த ஊர் எல்லை முடிந்தால் அடுத்த ஊர் துரத்த வேண்டும். வராமல் வீட்டுக்குள் இருந்தவனுக்குத் தண்டம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓர் அரசன் இன்னும் இறுக்கினானாம். கள்ளன் அகப்படாவிட்டால் அந்தப் பகுதி மக்கள் எல்லாரும் சேர்ந்து பொறுப்பு. இரண்டு சொல்லும் பிரெஞ்சு பேசிய ஆளும் கூட்டத்திடம் இருந்து வந்தவையாம். இரண்டுக்கும் கத்துவது என்றுதான் கருத்து என்றாலும் சிலர் பிரித்துச் சொல்வார்களாம். க்ரை என்பது சொல்லோடு கத்துவது. ஹ்யூ என்பது சொல்லே இல்லாத சத்தம், கொம்பு ஊதுவது போல.

பிறகு காலம் மாற, தேடப்படுகிற ஆட்களின் அடையாளங்களை அச்சடித்துப் பரப்புகிற தாளுக்கு அந்தப் பெயர் போனதாம். பொலிஸ் வந்த பிறகு சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். கடைசியில் மிஞ்சியது பேப்பர்காரரின் நக்கல் மட்டும். உயிரைக் காப்பாற்றக் கத்திய கத்தல் எப்படி வீண் கூப்பாடு ஆனது என்பதுதான் அவளுடைய பேச்சின் முடிவு. கேட்டு எனக்கு மேல் சிலிர்த்தது.

இவருக்கு எதுவும் சிலிர்க்காது. “அப்ப நான் குளிக்கேக்க பாடினா ஆக்கள் பொல்லோட ஓடி வருவினமோ?” என்றார்.

“சும்மா கத்தினா உங்களுக்குத்தான் தண்டம், அப்பா. பொய்யாக் கத்தினவனையும் விடமாட்டினம்.”

அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கத்தினவனைத் தண்டிப்பது அநியாயம் என்றுகூடச் சொன்னேன். எங்கள் ஊரில் இதற்குச் சட்டமே தேவைப்படவில்லை, ஐயோ என்றால் ஒழுங்கை முழுக்க வந்து நிற்கும் என்று இவர் தொடங்கினார். நான் விடவில்லை. அயல்வீட்டில் கத்தல் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்த யுத்த காலத்தையும் நாங்கள் இருவரும் கண்டிருக்கிறோம். ஊரை வெள்ளையடிக்க வேண்டாம் என்றேன். அவர் மறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, சட்டை மாற்றி, தட்டோடு மாடி மாடியாகப் போனார். வெறும் தட்டோடு திரும்பி வந்தவரின் முகம் முழுக்கச் சிரிப்பு. “எல்லாரையும் சிரிக்க வச்சிட்டன்,” என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. மகள் கேக் எடுக்கப் போனாள். தன் போனில் சார்ஜ் இல்லையென்று என்னுடையதைக் கொண்டுபோனாள். இவர் தன் போனைப் பாட்டுப்பெட்டியோடு இணைத்து, நாங்கள் கல்யாணம் செய்த காலத்துப் பாட்டுகளை வீடு அதிரப் போட்டிருந்தார். நான் அடுப்படியில் நின்றேன். ஆட்கள் இருக்கக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தவர், “இஞ்சரப்பா,” என்று கூப்பிட்டார். கூப்பிட்ட விதம் சரியில்லை. நாக்குத் தடித்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். கையில் பிடித்திருந்த கதிரை நழுவியது, பிறகு அவர் நழுவினார்.

ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். முகத்தின் ஒரு பக்கம் வழிந்து தொங்கியது. வாந்தி எடுத்தார். தலையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் அது அவருக்குள்ளேயே போய்விடும். விட்டுவிட்டு எழும்ப எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய போன் எட்டும் தூரத்தில்தான் பாடிக்கொண்டிருந்தது, ஆனால் பூட்டியிருந்தது. பூட்டிய போனிலும் அவசர இலக்கத்தை அழுத்தலாம் என்று பிறகு ஊரே எனக்குப் புத்தி சொன்னது. அந்த நேரத்தில் அது என் மண்டையில் இல்லை. அவரை மெல்ல இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், காலால் கதவைத் தள்ளித் திறந்து, படிக்கட்டைப் பார்த்துக் கத்தினேன்.

“ஐயோ, ஆராவது ஓடி வாங்கோ.”

ஜெர்மனில் உதவி என்பதற்கு ஒரு சின்னச் சொல். எத்தனை வருடமாகத் தெரிந்த சொல். அது வரவில்லை. தமிழ்தான் வந்தது, பிறகு தமிழும் போய் வெறும் சத்தம் வந்தது. என் குரல் படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது எனக்கே கேட்டது. கீழே ஒரு கதவின் பூட்டு அசைந்தது. வருகிறார்கள் என்று நினைத்தேன். பூட்டுத் திரும்ப அசைந்தது. ஒருவரும் வரவில்லை.

நான் அந்தக் கட்டடத்தையே சபித்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லிச் சபித்தேன். பின்னால் பாட்டு மாறி அடுத்த பாட்டு வந்தது. இவர் என்னைப் பார்த்தபடியே கிடந்தார். கண்ணில் பயம் இருந்தது. கேக்கோடு படியேறி வந்த மகள் எங்களைக் கண்டதும் பெட்டியை அப்படியே விட்டாள். அம்புலன்சுக்கு அடித்தது அவள்தான்.

பாரிசவாதம் என்றார்கள். டொக்டர் பொம்பிளை, மிகவும் சின்னப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உயிருக்கு இப்போது பயமில்லை, ஆனால் வலது கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. இந்த வருத்தத்தில் நேரம்தான் எல்லாம், இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் நல்லது. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு அது குத்தியது. முந்தி வந்திருக்கலாம். கட்டடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

மகளிடம் கொதித்தேன். வழக்குப் போடு என்றேன். எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்துக்காரனுக்கு இருந்த அறிவு இவர்களுக்கு இல்லையா என்றேன். இங்கேயும் சட்டம் இருக்கிறது, உயிராபத்தில் இருப்பவரைக் கண்டும் உதவாமல் விட்டால் குற்றம் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். ஆனால் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அம்மா. தெரியாமல் என்ன, நான் பாட்டா பாடினேன் என்று கேட்டேன்.

சில நாளில் இவருடைய உடுப்புகளைத் தோய்க்க நிலவறைக்கு இறங்கினேன். ரயில்வேக்காரர் மெசினுக்குப் பக்கத்தில் நின்றார். என்னைக் கண்டதும் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. இன்றைக்கு இவரை விடுவதில்லை என்று நினைத்தேன். சேர்த்து வைத்திருந்த ஜெர்மன் முழுவதையும் வாயில் திரட்டினேன். அதற்குள் அவர் தொடங்கினார். தான் கேட்டதாகச் சொன்னார். காலில் சப்பாத்துப் போட்டாராம். கதவைத் திறந்தாராம். பிறகு மூடிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினாராம்.

“ஏன்?” என்றேன். திரட்டி வைத்ததில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

“உங்கள் கணவர் சொல்லியிருந்தார். நாளைக்கு நாங்கள் கத்தினால் பயப்படாதீர்கள், தமிழர் சந்தோசம் வந்தாலும் கொலை நடக்கிற மாதிரித்தான் கத்துவோம் என்று. எல்லாக் கதவிலும் அதையே சொன்னாராம். நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.”

கூடையை வைத்துவிட்டு அந்தக் குளிர்ந்த நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டேன் என்று வெறும் தட்டோடு வந்து நின்ற முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ரோல்ஸ் சுற்றிய கையால், என் கையால், சமைத்துக் கொடுத்துத்தான் அதைச் சொல்ல அனுப்பியிருந்தேன். பொய்யாகக் கத்தினவனுக்குத் தண்டம் ஏன் என்று இப்போது விளங்கியது. கத்தலை ஒருமுறை பகிடியாக்கிவிட்டால் பிறகு கேட்கிறவன் சப்பாத்தைக் கழற்றிவிடுவான். அந்த மனிதர் என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். நான் சபித்த கட்டடத்தில் சபிக்க ஒருவரும் மிஞ்சவில்லை.

இவரிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சொல்லத் தேவையே இருக்கவில்லை. படுத்த நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். நான் படிக்கட்டில் கத்திக்கொண்டிருந்தபோது, தன் பகிடி அந்தக் கதவுகளையெல்லாம் பூட்டி வைத்திருக்கிறது என்று தெரிந்தபடியேதான் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்குச் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. அவர் அன்று பார்த்த பார்வையின் கருத்து எனக்குப் பல மாதம் கழித்து, அவர் துண்டு துண்டாகச் சொன்ன பிறகுதான் விளங்கியது. அதைக் கேட்ட நாள் நான் அழுத மாதிரி ஆஸ்பத்திரியிலும் அழவில்லை.

ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’ மட்டும் அவருக்கு முதல் நாளிலிருந்தே வந்தது. மற்றதெல்லாம் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், எந்த வசனத்தைப் பழக விருப்பம் என்று கேட்டாள். கோப்பி வேணும், பசிக்குது, இப்படி ஏதாவது கேட்பார் என்று நினைத்திருப்பாள். இவர் கேட்டது வேறு. அதை ஜெர்மனில் சொல்ல அவருக்குக் குளிர்காலம் முழுவதும் பிடித்தது.

மகள் படிப்பை முடித்த கிழமை வீட்டில் ஒரு சாப்பாடு வைத்தோம். நான் கீழ்வாசலில் துண்டு ஒட்டுவோம் என்றேன். இவர் தலையை ஆட்டி மறுத்தார். தட்டை இடது கையில் வாங்கிக்கொண்டார். நான் பின்னால் நின்றேன். முதல் கதவு ரயில்வேக்காரருடையது. அவர் திறந்து எங்களைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. இவரும் சிரிக்கவில்லை. வாயைக் கோணி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து எடுத்தார்.

“நாங்கள் கத்தினால் வாருங்கள்.”

ஒரு கதவில் சொல்லி முடிக்கவே வியர்த்துவிட்டது. அந்த மனிதர் ஒரு ரோல்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வருவேன் என்றார். கதவை மூடவில்லை. பிறகு தன் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“நான் கத்தினால்?”

நான் திகைத்துப்போனேன். இத்தனை வருடம் எங்கள் சத்தத்துக்காக அவரிடம் தட்டு நீட்டியிருக்கிறோம். தனியாக இருக்கிற மனிதர், அவருக்கும் ஒருநாள் கத்த வேண்டி வரலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஜெர்மனில் என்ன சொல்வதென்று நான் தேடிக்கொண்டிருக்க, இவர் எனக்கு முந்திவிட்டார்.

“ஓம்,” என்றார், தமிழில். “வாறம்.”