பீட்டர்பரோ போய்வந்த கைகள்

பல்லேபொல போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, சேலை உடுத்திச் சிவப்புக் கனடாத் தொப்பி போட்டிருந்தார். தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய விரல்கள், பேசும்போதும் மடியில் எதையோ கிள்ளிக்கொண்டிருந்தன. கனடாவில், பீட்டர்பரோ என்ற சின்ன நகரத்தில் இருக்கும் மகனிடம் போய்வந்தவர்.

"அங்க என்னங்க பார்த்தீங்க?" என்றேன்.

"படகையே மேல தூக்குற எடம் காட்டினாங்க. அதவிட புளூபெரிப் பழத் தோட்டம்தாங்க. பாக்க வாறவங்களே பறிக்கணும். ரெண்டு கையாலயும் பறிச்சு, மொத ஆளா கூடைய நெறச்சேன். தராசுல வச்சு நிறுத்தாங்க. சம்பளத்துக்குப் பேர் போடுவாங்கன்னு நின்னா, நான் பறிச்சதுக்கு மகன் காசு கட்டுறான்!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வெள்ளைக்காரங்க பறிக்கிறத விட்டுட்டு என் கையையே பாத்தாங்க. நம்ம தோட்டத்துல தொரைமாரு கூடைய மட்டுந்தாங்க பாத்தாங்க."

அவர் இறங்கும்வரை நானும் அந்தக் கைகளைத்தான் பார்த்தேன்.