ஓடுகிற வண்டியை நிறுத்துகிறவர்

போத்தனூர் அமிர்தராஜுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை, மண் தோண்டும் குட்டி எந்திரங்களுக்கு சர்வீஸ் பார்ப்பது. பெரிய பொக்லைன்கள் பக்கம் அவர் அதிகம் போவதில்லை. வீட்டு அஸ்திவாரம், சாக்கடைக் குழி, தோப்புக்குள் குழாய் பதிக்கும் பள்ளம் என்று இடுக்கான இடங்களில் நுழைந்து வேலை செய்கிற, ஒரு சின்ன லாரியில் ஏற்றிவிடக்கூடிய வண்டிகள்தான் அவருடைய வாடிக்கை. பைக்கின் பின்னால் டூல் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலை ஏழரைக்குக் கிளம்புவார். ஆயில் மாற்றுவார், ஃபில்டர் மாற்றுவார், செயின் தொய்ந்திருந்தால் இறுக்குவார், மண் அள்ளும் பக்கெட்டின் ஒவ்வொரு இணைப்புப் பின்னுக்கும் கிரீஸ் அடிப்பார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பார். எந்த பேரிங் சூடாகிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்பது அவர் விரலுக்குத்தான் முதலில் தெரியும்.

வண்டி படுத்துவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள் அவர் வரும்வரை வாசலிலேயே நிற்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு சர்வீஸ் நாள் வந்துவிட்டது என்று அவராகப் போய் நின்றால் அதே ஆட்களின் முகம் மாறும். "ஓடிட்டுத்தானுங்க இருக்குது? அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்பார்கள். அமிர்தராஜ் யாரிடமும் மல்லுக்கு நிற்கிற ஆளில்லை. "செரிங்க" என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பிவிடுவார்.

அவர் சர்வீஸ் பார்த்த வண்டிகளில் ஒன்று தொண்டாமுத்தூர் சாமியாத்தாளுடையது. அறுபதை நெருங்கும் அந்த அம்மாள் கணவர் போனபின் பன்னிரண்டு ஏக்கர் தென்னந்தோப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். குழி தோண்டவும் வாய்க்கால் எடுக்கவும் ஆள் கிடைக்காத எரிச்சலில் சொந்தமாகவே ஒரு குட்டி வண்டியை வாங்கிவிட்டார். அதை ஓட்டுவது சென்னகேசவன். தோப்பில் வேலை இல்லாத நாட்களில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் வண்டி போகும்.

போன நவம்பரில் சர்வீஸுக்குப் போனபோது, வண்டியின் மேல் கையை இயக்கும் சிலிண்டருக்குப் போகும் எண்ணெய்க் குழாயில் ஒரு தேய்மானத்தை அமிர்தராஜ் கவனித்தார். இரும்புப் பட்டையில் உரசி உரசி ரப்பர் கொஞ்சம் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே இருக்கும் கம்பி வலை இன்னும் தெரியவில்லை. மாற்றினால் நல்லது. ஆனால் அந்த அளவுக் குழாய் கையில் இல்லை, டவுனிலிருந்து வரவேண்டும். எதிரே பள்ளம் எடுக்க ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சுதுங்களாண்ணா?" என்று சென்னகேசவன் இரண்டு தரம் கேட்டுவிட்டான். உரசுகிற இடத்தில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டினார். அடுத்த சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் முடிவு செய்தார். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் சென்னகேசவன் ஃபோன் செய்தான். "கையி எறங்கறதுக்கு லேட்டாகுதுங்ணா. கண்ணாடில பொகையாட்ட எண்ணெ படியுது. எங்கிருந்து வருதுன்னு தெரியமாட்டீங்குது."

அமிர்தராஜ் போய்ப் பார்த்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் முழுவதும் ஈரமாக மினுங்கியது. ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. வழக்கம்போல விரலால் தடவிக்கொண்டே போனார். டியூப் துண்டு கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆள்காட்டி விரல் நுனியில் சுருக்கென்று ஒரு குத்து. கட்டெறும்பு கடித்தது போல. அவ்வளவுதான். விரலை உதறி, வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டு, எஞ்சினை அணைக்கச் சொன்னார்.

அந்தக் குழாய்க்குள் ஓடும் எண்ணெயில் கார் டயருக்குள் இருக்கும் காற்றைப் போல நூறு மடங்கு அழுத்தம் இருக்கும். ஊசிமுனை ஓட்டை வழியாக அது வெளியேறும்போது தோலைத் துளைத்துக்கொண்டு சதைக்குள் போய்விடும். இது அமிர்தராஜுக்குத் தெரியாததல்ல. கசிவைத் தேட அட்டைத் துண்டைத்தான் நீட்ட வேண்டும், கையை நீட்டக் கூடாது என்று எத்தனையோ டிரைவர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அன்று, ரத்தம்கூட வராத ஒரு புள்ளியைப் பார்த்து, ஒன்றுமிருக்காது என்றே அவருக்குத் தோன்றியது. குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து சாமியாத்தாள் மோர் கொண்டுவந்தார். அமிர்தராஜ் இடது கையை நீட்டி டம்ளரை வாங்கியதைக் கவனித்தார்.

"ஏனுங்க தம்பி, கையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா. எண்ணெ குத்திப்போட்டுது."

"காட்டுங்க."

விரல் நுனி வெளுத்து, அதற்குக் கீழே லேசாகத் தடித்திருந்தது. சாமியாத்தாள் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"எண்ணெ மேல தெறிச்சுதுங்களா, உள்ள போயிருச்சுங்களா?"

அமிர்தராஜ் மோரைக் குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போயிருக்கும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது.

"குழாய மாட்டிப்போட்டு நானே போய் ஒரு ஊசி போட்டுக்கறனுங்க" என்றார்.

"என்ற ஊட்டுக்காரருக்கு வாய்க்கா மடகிட்ட விரியன் பாம்பு கடிச்சப்ப, முள்ளு குத்திருச்சுன்னு சொல்லிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாருங்க" என்றார் சாமியாத்தாள். குரலை உயர்த்தவில்லை. "கேசவா, காரை எடு."

நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது விரல் வெண்டைக்காயைப் போல விறைத்து, வலி முழங்கை வரை ஏறியிருந்தது. முதலில் பார்த்த டாக்டர் சின்னக் காயம்தானே என்று கட்டுப் போட்டு அனுப்பப் பார்த்தார். அப்போதுதான் அமிர்தராஜுக்கு வாய் திறந்தது. குழாயில் என்ன எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்குக் குத்தியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கை அறுவை சிகிச்சை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு உடனே தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார்.

விரலிலிருந்து உள்ளங்கை வரை கீறி எண்ணெயைக் கழுவி எடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் திறந்தார்கள். கை தப்பியது. ஆள்காட்டி விரலில் நடுக் கணுவுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் கையே போயிருக்கலாம் என்றார் மருத்துவர்.

மனைவி சூசைமேரி பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவர். நாள் முழுக்க விரல்களால் வாழ்கிறவர். கட்டைப் பிரித்த அன்று அந்த விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்கெல்லாம் சொல்றீங்களே. உங்களுக்கு மட்டும் எப்படீங்க மறந்துபோச்சு?"

"மறக்கலை மேரி. தெரிஞ்சுதான் நீட்டினேன்."

அவர் சொல்லாமல் விட்டது வேறொன்று. நவம்பரில் கட்டிய அந்த டியூப் துண்டு ஒவ்வொரு ராத்திரியும் அவர் நினைவுக்கு வந்தது. பள்ளத்துக்குள் யாராவது நின்றிருக்கும்போது குழாய் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போயிருந்தால்? சென்னகேசவன் விரலை வைத்துத் தேடியிருந்தால்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் முழங்காலிடும்போது தன் பாவம் எது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. தேய்ந்ததைப் பார்த்தும், பார்த்ததைச் சொல்லாமல் வந்தது.

நான்கு மாதம் வீட்டில் இருந்தார். சூசைமேரி கம்பெனியிலிருந்து கழிவுச் செம்புக் கம்பியைக் கொண்டுவந்து தருவார். மீதமுள்ள விரல்கள் மடங்கிப் பழக வேண்டும் என்று அதை ஒரு பென்சிலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக அமிர்தராஜ் உட்கார்ந்திருப்பார். முதல் மாதம் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டார். பிறகு ஒருநாள் அவர் போடவில்லை, சமையலறையில் ஏதோ வேலையாக இருப்பதுபோல நின்றுகொண்டார். அமிர்தராஜ் ஐந்து பொத்தானையும் தானே போட்டு முடித்தபோது வேர்த்துப்போயிருந்தது.

ஜூன் கடைசியில் சாமியாத்தாளிடமிருந்து ஃபோன் வந்தது. "தம்பி, வண்டிக்கு சர்வீஸ் நாளாச்சுங்க. வேற ஆள வெச்சு ஒரு வாட்டி பாத்தமுங்க. நீங்க வரமுடியுமான்னு கேட்டுப்போட்டு அப்புறமேட்டு முடிவு பண்ணலாமுன்னு இருக்கறேன்."

"வாரேனுங்க."

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த தூறல் தோப்பு முழுவதும் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. அமிர்தராஜ் டூல் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் சாமியாத்தாளிடம் போய் நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணுமுங்க. அந்தக் குழாய் தேஞ்சிருந்தது எனக்கு நவம்பர்லயே தெரியுமுங்க. மாத்தாம உட்டுட்டேன். உங்ககிட்டயும் சொல்லலீங்க."

சாமியாத்தாள் வண்டியின் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று அமிர்தராஜ் எதிர்பார்த்தார். கோபப்பட்டால் தேவலை என்றும் இருந்தது.

"சொல்லியிருந்தா மட்டும் நான் வண்டிய நிறுத்தியிருப்பனான்னு எனக்கே தெரியலீங்க தம்பி" என்றார். "ஆளுங்க நிக்கறாங்க, நாளைக்குப் பாத்துக்கலாமுன்னுதான் சொல்லியிருப்பேன்."

அமிர்தராஜ் வேலையை ஆரம்பித்தார். கிரீஸ் கன்னை இடது கையில் பிடித்து வலது உள்ளங்கையால் அழுத்தினார். ஒவ்வொரு வேலைக்கும் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. எஞ்சினை அணைத்து, அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் குழாய்களின் பக்கம் போனார். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, பக்கெட்டுக்குப் போகும் குழாயின் வளைவில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிந்தது. மிளகு அளவுகூட இல்லை.

"இத மாத்தணுமுங்க. மாத்தற வரைக்கும் வண்டி ஓடக் கூடாதுங்க."

சென்னகேசவன் முகத்தைச் சுளித்தான். சாமியாத்தாள் திரும்பி, குழிக்காகக் காத்திருந்த தென்னங்கன்றுகளையும், மழைக்கு ஒதுங்கி நின்ற ஆறு ஆட்களையும் பார்த்தார்.

"மழெ வேற வருது. இன்னிக்கு ஒரு நா மட்டும் ஓட்டிக்க முடியாதுங்களா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் பேசுவது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலும். வெட்கத்தோடு சிரித்தார்.

"முடியாதுங்க அக்கா" என்றார் அமிர்தராஜ். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடம் இப்படி நேராகச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்களை மட்டை பொறுக்க அனுப்பினார் சாமியாத்தாள். சென்னகேசவன் பைக்கில் டவுனுக்குப் போனான். புதுக் குழாய் வந்து சேர மணி மூன்றாகிவிட்டது. பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, நீளக் குச்சியின் நுனியில் அட்டைத் துண்டைச் செருகி இணைப்புகளின் பக்கம் நீட்டிப் பார்த்தார். அட்டையில் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படியவில்லை. வண்டி முதல் குழியைத் தோண்ட ஆரம்பித்தது.

கழற்றிய குழாயை என்ன நினைத்தோ கொப்புளம் இருந்த இடத்தில் வைத்து அறுத்துப் பார்த்தார் அமிர்தராஜ். உள்ளே கம்பி வலை பளபளவென்று இருந்தது. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை, துருவும் ஏறவில்லை. கொப்புளம் மேல் ரப்பரோடு நின்றுவிட்டிருந்தது. ஒருவேளை அது இன்னும் ஒரு வருஷம்கூட ஓடியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் கிளம்பியிருக்கலாம். அவர் எடுத்துக்கொண்டு போய் சாமியாத்தாளிடம் காட்டினார்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருந்திருக்குது போல."

"ஆமாங்க. அறுத்துப் பாத்த பொறகுதானுங்க தெரியுது."

"அதுஞ்செரிதான்" என்றார் சாமியாத்தாள். அடுத்த சர்வீஸ் எப்போது என்று கேட்டு, தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதச் சொன்னார். அமிர்தராஜ் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் பேனாவை இடுக்கி, மெதுவாக எழுதினார்.