கோட்டுப் பையில் கொழுந்து

ஜப்பானில் வேலை செய்யும் மகன், கிடைத்த ஒருநாள் லீவில் எங்களை மலை பார்க்கக் கூட்டிவந்திருக்கிறான். இந்த ஜப்பான் மலையிலும் முழுக்கத் தேயிலைதான். காரை விட்டுத் தூறலில் இறங்கி நடக்கிறோம். இலங்கையில், மடுல்கெல்லத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த என் மனைவி பேசிக்கொண்டே வருகிறாள். கை தன்பாட்டில் கிள்ளுகிறது. கோட்டுப் பை புடைத்துவிட்டது.

தோட்டத்துக்காரி வீட்டிலிருந்து வருகிறாள். மகன் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்கிறான். அவள் என் மனைவியின் கையைப் பார்த்து ஏதோ சொல்கிறாள்.

"என்னாப்பா சொல்றாங்க?" மனைவி மகனிடம் கேட்கிறாள்.

"கை நல்லா வேகமா போகுதாம். இங்க பறிக்க ஆள் இல்லியாம். வேலைக்கு வர்றீங்களான்னு கேக்குறாங்க."

யாரும் சிரிக்கவில்லை.

காரில் மனைவி தன் விரல்களையே பார்க்கிறாள். மகனுக்கு வெட்கமாகிவிடக் கூடாதென்று, புறப்படுமுன் ஊரில் ஒரு மாதம் தேசிக்காய்ப் புளிச்சாறு தேய்த்துப் போக்கிய கொழுந்துக் கறை திரும்பவும் லேசாக ஏறியிருக்கிறது.